ஒளித்து வைப்பவர்

அவர் யாருக்கும் எதையும் நேராகக் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. கிடங்குச் சாவியைக் கேட்டால், "இங்கதான் எங்கனா இருக்கும், தேடுங்க சார்" என்பார். தேடினால் அது தண்ணீர்ப் பானையின் மூடிக்கு அடியிலோ, என் இரும்பு நாற்காலியின் கைப்பிடிக் குழாய்க்குள்ளோ இருக்கும். பெருநாளன்று வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவருவார். கொண்டுவந்ததைச் சொல்லமாட்டார். மத்தியானம் ஆனதும் பினாயில் கேன்களுக்குப் பின்னாலிருந்து வாசனை வரும். எழுந்துபோய்த் துழாவி எடுத்தால் வராந்தாவில் உட்கார்ந்தபடி சிரிப்பார்.

"கையில குடுத்திருந்தா சும்மா தின்னுட்டுப் போயிருப்பீங்க. இப்ப ருசி ஜாஸ்தியா இருக்குமே?"

ஜாஸ்தியாகத்தான் இருந்தது. அதற்காக எனக்கு எரிச்சல் வராமலும் இல்லை.

எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும். அவர் குடும்பத்தார் பரங்கிப்பேட்டையில் இருப்பதால் எழுதவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் அறக்கட்டளை விலங்குக் காப்பகம் நடத்திவந்தது. நான் அதன் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அடிபட்ட நாய்கள், கால் ஒடிந்த மாடுகள், இவற்றுக்கென்று தொடங்கிய இடம் அது. 2005இல் குரங்குகளும் வந்து சேர்ந்தன. சிதம்பரத்தில் வீதிகளில் தொல்லை என்று புகார் வந்து பிடிக்கப்பட்ட சாதாரண நாட்டுக் குரங்குகள். காட்டில் விட அனுமதி வரும்வரை தற்காலிகமாக வைத்திருங்கள் என்றார்கள். அந்தத் தற்காலிகம் மூன்று வருஷம் நீண்டது.

பாய் வருவதற்கு முன் அந்தக் கூண்டு எப்படி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். காலையிலும் மாலையிலும் அலுமினியத் தட்டுகளில் சோறும் வாழைப்பழமும் கம்பிக்கு அடியால் தள்ளப்படும். தள்ளிய ஆள் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் தட்டுகள் காலி. அதற்குப் பிறகு பொழுது முழுக்க அவற்றுக்குச் செய்ய எதுவும் கிடையாது. மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடும். தன் தொடை முடியைத் தானே பிடுங்கும். பெரிய ஆண் குரங்கு ஒன்று தன் இடது முன்கையைக் கடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. அவர் மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போவார். அது கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதே இடத்தைக் கடிக்கும். உள்சதை தெரிந்தது.

"இன்னும் ஆழமாப் போச்சுன்னா கையை எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னார். "வயிறு நிறையத்தான் போடறோம். எதுக்கு இப்படிப் பண்ணுதுன்னு எனக்கும் தெரியுது. தெரிஞ்சு என்ன பண்றது, நாள் முழுக்கக் கூட உக்காந்து விளையாட யார் இருக்கா?"

அந்தச் சமயத்தில்தான் பாய் வேலை கேட்டு வந்தார். வளைகுடா நாடு ஒன்றில் ஒரு பணக்காரரின் சொந்த மிருகப் பண்ணையில் எட்டு வருஷம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டவர். முதல் நாள் கூண்டின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்தத் தட்டயெல்லாம் எடுத்து உள்ள வச்சிடுங்க. இனிமே வேணாம்."

"அப்ப சோத்தை எதில போடுவீங்க?"

"எதுலயும் போடமாட்டேன். ஒளிச்சு வப்பேன்."

நான் அவரை நம்பவில்லை. ஆனால் டாக்டரம்மா நம்பினார். "அவர் சொல்றதுதான் சரி. எல்லாப் பெரிய பண்ணையிலும் இப்படித்தான் பண்றாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து தேங்காய் மட்டையின் நாருக்குள் வேர்க்கடலையைச் செருகினார். மூங்கில் குழாயில் துளை போட்டு உள்ளே பொட்டுக்கடலையை நிரப்பிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். குரங்கு குச்சியால் குத்திக் குத்தி ஒவ்வொன்றாக விழவைக்கவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெள்ளரித் துண்டுகளை ஐஸ் கட்டிக்குள் உறையவைத்துப் போட்டார். பனங்கிழங்கை மணலில் புதைத்தார். முன்பு ஒரு பீடி நேரத்தில் முடிந்த தீனி இப்போது காலையில் தொடங்கி வெயில் சாயும்வரை ஓடியது. அந்த ஆண் குரங்கு முதல் சில நாள் எதையும் தொடவில்லை. பிறகு ஒரு மட்டையை எடுத்து நாரை உரிக்கத் தொடங்கியது. உரித்துக்கொண்டிருக்கும்போது கையைக் கடிக்க முடியாது அல்லவா? மழைக்காலம் வருவதற்குள் புண் காய்ந்து, முடி முளைக்காத ஒரு பளபளப்பான தழும்பு மட்டும் மிஞ்சியது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், இதெல்லாம் அங்கே படித்ததா என்று.

"பண்ணையில வேல செய்யற முறய படிச்சேன் சார். மீதிய ரூம்ல படிச்சேன்" என்றார். "ஒரு ரூம்ல பன்னண்டு பேரு. மூணு வேள சோறு ரூமுக்கே வந்துடும். வேல இல்லாத நாள்ல வெளிய போவ எடமும் கெடயாது. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு, நல்ல மனுசன், அஞ்சு வேளயும் தொழுவுறவரு. உக்காந்து தாடிய ஒவ்வொரு முடியா புடுங்குவாரு. ஒரு பக்கம் மொழுக்குன்னு ஆயிடுச்சு. வயிறு ரொம்பி இருக்கறவனுக்கும் கை சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என் பொட்டியில இருக்கற சாமானயெல்லாம் நானே ஒளிச்சு வப்பேன். பொறவு நானே தேடுவேன்."

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அவருடைய மனைவியை ஒரேயொரு முறை பார்த்திருக்கிறேன். பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவர் வீட்டில் சர்பத் கொடுத்தார்கள். "குரங்குக்கு மட்டும்தான் அப்புடின்னு நெனக்காதீங்கண்ணே" என்று அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். "அரபு நாட்டுலேருந்து வந்தப்ப எனக்கு வளையல் வாங்கியாந்தாங்க. சொல்லவே இல்ல. பீரோவுக்கு மேல பழைய தலகாணி உறைக்குள்ள நாலு மாசம் கெடந்துச்சு. நான் ஒண்ணுமே வாங்கியாரலன்னு நெனச்சு நாலு மாசமும் அழுதுகிட்டு இருந்தேன். அவுங்களுக்கு அது வெளயாட்டு."

பாய் சர்பத்தைக் குடித்தபடி, "கெடச்சப்ப சந்தோசப்பட்டியா இல்லியா?" என்று கேட்டார். அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் காப்பகத்துக்கு வெளியாட்கள் வருவார்கள். ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டவர்கள் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டுவார்கள். பாய் குறுக்கே போய் நிற்பார். "எங்கிட்ட குடுங்க. நான் ஒளிச்சு வக்கிறேன்."

செம்மண்டலத்திலிருந்து வந்த ஒருவர் கோபித்துக்கொண்டார். "சாமிக்குப் படைக்கிறத யாராச்சும் ஒளிச்சு வைப்பாங்களா பாய்?"

"உங்க சாமியே சிதம்பரத்துல தெரைக்குப் பின்னாலதானே இருக்காரு? தெரயில்லாம வச்சிருந்தா இவ்ளோ கூட்டம் வருமா?"

அவர் சிரித்துவிட்டார். பழச்சீப்பு பாய் கைக்கு வந்தது. இப்படிப் பேசி ஜெயிக்கக்கூடியவர்தான் பாய்.

நீல டிரம் வந்தது பாய் வேலைக்குச் சேர்ந்ததற்கு அடுத்த வருஷம். சுனாமிக்குப் பிறகு கடலோரத்துக் குடும்பங்களுக்கு நிவாரணமாக அரிசி, பருப்பு, போர்வை, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் வைத்துக் கொடுத்தார்கள். மேலே கறுப்புத் திருகுமூடி. எங்கள் பக்கத்தில் அதற்குச் சுனாமி டிரம் என்றே பெயர். மிஞ்சிய டிரம்கள் ஒரு கிடங்கில் குவிந்து கிடந்தன. கிடங்கைக் காலி செய்தபோது எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு வண்டி நிறைய வந்தது. பாய் அவற்றைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார்.

முதலில் மூடியைச் சும்மா மேலே வைத்தார். பிறகு அரைத் திருகு. பிறகு ஒரு முழுச் சுற்று. கடைசியில் நானே பல்லைக் கடித்துத் திருகவேண்டிய அளவுக்கு இறுக்கினார். பத்து டிரம் வைப்பார்; ஒன்றில்தான் தீனி இருக்கும். எதில் என்பது தினமும் மாறும். குரங்குகள் டிரம்மைக் கால்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் மூடியைத் திருகக் கற்றுக்கொண்டன. காலியாக இருந்தால் அடுத்ததற்குப் போகும். சலிப்பதே இல்லை. பாய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "தேடு. வுடாத. தேடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டரம்மா தன் கைபேசியில் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். நாங்கள் எல்லோருமே பெருமைப்பட்டோம். அந்த டிரம்மைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் வேறு யோசனை எதுவும் வரவில்லை.

2008 தை மாதம் வனத்துறையிலிருந்து அனுமதி வந்தது. மலைக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு ஆகாததால், கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால் இருந்த புதர்க்காட்டில் விடச் சொன்னார்கள். நாவல், ஈச்சை, அத்தி எல்லாம் அங்கே உண்டு. மூன்று வருஷம் கூண்டில் இருந்தவை பிழைக்குமா என்று ரேஞ்சர் கேட்டார்.

"தேடத் தெரிஞ்சது சாவாது சார்" என்றார் பாய்.

பதினொரு குரங்குகள். கூண்டுக் கதவைத் திறந்ததும் கிளைகளில் ஏறி மறைந்தன. அதன் பிறகு பாய் அடிக்கடி டிவிஎஸ் ஃபிப்டியில் அங்கே போய்வருவார். ஒருநாள் வாழையிலையில் எதையோ சுற்றி என் மேசைமேல் வைத்தார். ஒளிக்காமல் வைத்தாரே என்று ஆச்சரியத்தோடு பிரித்தேன். குரங்கின் எச்சம். "பாருங்க சார், ஈச்சங்கொட்ட. அதுங்களே தேடித் தின்னது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் இலையை மடித்து வெளியே போட்டுவிட்டு மேசையைத் துடைத்தேன். ஆனால் அன்று எனக்கும் சந்தோஷம்தான்.

அந்தப் புதர்க்காட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் சுனாமிக் குடியிருப்பு. வீடிழந்த மீனவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்கட்டிலும் அரிசி வைக்க ஒரு நீல டிரம்.

மழை முடிந்து காட்டில் பழம் குறைந்தபோது அது நடந்தது. முதலில் ஓர் அம்மாள் மட்டும் வந்தார். கையில் ஒரு கறுப்பு மூடி.

"இது உங்க கொரங்குதானே? காயப்போட்ட கருவாட்ட தொடல, தாரு தாரா தொங்குற வாழப்பழத்த தொடல. நேரா டிரம்முக்குப் போவுது. ஒடைக்கல சார், திருவுது. எங்க வூட்டு மருமவளுக்கே அந்த மூடி திருவ வராது, எங்கிட்டதான் குடுக்கும். இதுக்கு யாரு கத்துக்குடுத்தா?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் அந்த மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"நாந்தாம்மா" என்றார்.

"எதுக்கு?"

அவர் மூடியை அந்த அம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாம் முறை அதே அம்மாள் ஆட்களோடு வந்தார். குரங்கு திறந்த டிரம்மை மூடப்போன அவருடைய பேத்தியை அது கடித்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல். கடலூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு ஊசிகள் போட்டிருந்தார்கள். குழந்தைக்கு ஐந்து வயது. கூட வந்தவர்களில் ஒருவர் சத்தம் போடாமல், ஆனால் தெளிவாகச் சொன்னார்: "பாய், நீ நல்லவந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நாங்க கடலுக்குப் போயிட்டா வூட்ல பொம்பளயும் புள்ளயுந்தான். நீ புடிக்கிறியா, இல்ல நாங்க மருந்து வக்கட்டுமா? எதுல வச்சா திங்கும்னு எங்களுக்கு இப்ப தெரியும்."

பாய் கொஞ்சம் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள்.

அந்த அவகாசத்தைக் குரங்குகளைப் பிடிக்க அவர் செலவிடவில்லை. பிடித்துவிட்டால் மறுபடி விட முடியாது, ஆயுசுக்கும் கூண்டுதான் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். அதனால் பாய் அவற்றின் பழக்கத்தை மாற்றப் பார்த்தார். காப்பகத்தில் இருந்த டிரம்களையெல்லாம் புதர்க்காட்டுக்குக் கொண்டுபோய்க் காலியாகவே வைத்தார். திறந்து திறந்து ஏமாந்தால் விட்டுவிடும் என்பது கணக்கு. ஒருநாள் நானும் கூடப் போனேன். குரங்குகள் வந்தன. முதல் டிரம்மைத் திறந்தன. காலி. இரண்டாவது. காலி. கடைசி டிரம்வரை திறந்தன. பிறகு முதல் டிரம்முக்குத் திரும்பி வந்தன.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒம்போது காலி, ஒண்ணு ரொம்புனதுன்னு பழக்குனது நாந்தானே சார்? காலியப் பாத்தா அலுத்துப்போகும்னு நெனச்சேன். அதுங்களுக்குக் காலின்னா, அடுத்ததுல இருக்குதுன்னு அர்த்தம்."

மூடியின் உட்புறம் மிளகாய்த்தூளைத் தடவினார். கையை மணலில் தேய்த்துவிட்டு மறுபடி திருகின. அவர் அவற்றை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்.

கொடுத்த அவகாசம் முடிந்தது. குடியிருப்பின் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரம் வைக்கப்பட்டது. யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது; கேட்கவும் இல்லை. தகவல் வந்து நாங்கள் போனபோது மூன்று குரங்குகள் செத்துக் கிடந்தன. வாயில் நுரை. பக்கத்தில் மூடி, திருகி எடுத்து ஓரமாக வைத்தமாதிரி கிடந்தது. மூன்றில் ஒன்றுக்கு இடது முன்கையில் முடியில்லாத தழும்பு. பாய் அந்தக் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். டாக்டரம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடிபட்ட குழந்தையின் பாட்டி தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை, திட்டவும் இல்லை.

குழி வெட்டி மூடியபிறகு பாய் ரேஞ்சரிடம் போய், "கூண்டு கொண்டாங்க, நான் புடிச்சுத் தர்றேன்" என்றார்.

மிஞ்சியிருந்தவற்றைப் பிடிக்க அதிக நாள் ஆகவில்லை. எப்படிப் பிடிப்பது என்று அவர் யோசிக்கவேண்டிய அவசியமே இல்லை. கூண்டுக்குள் ஒரு நீல டிரம். கதவைக் கயிற்றில் கட்டித் தூக்கி, கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். உள்ளே போன குரங்கு மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது கயிற்றை விட்டுவிடுவார். ஏழு வந்தன. ஒவ்வொன்றாகக் காப்பகத்துப் பழைய கூண்டுக்கே திரும்பின.

அந்த வேலை முடிந்த மாதமே அவர் விலகிவிட்டார். நான் 2012வரை அங்கே இருந்தேன். குரங்குகளும் அங்கேதான் இருந்தன. வேறு ஆள் வந்து பார்த்துக்கொண்டார். பாய் ஒருமுறையும் வந்து பார்க்கவில்லை. நானும் பரங்கிப்பேட்டைப் பக்கம் போகும் சந்தர்ப்பம் இருந்தும் போகவில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பிரியாணியோ, வாழைப்பழச் சண்டையோ நினைவுக்கு வருவதில்லை. அவர் கடைசிக் குரங்கைப் பிடித்த அந்தக் காலைதான் வருகிறது.

எட்டாவது, ஒரு தாய். காட்டுக்குப் போனபிறகு ஈன்ற குட்டி அதன் வயிற்றில் தொற்றியிருந்தது. அது கூண்டையே பார்த்திராத குட்டி. பிடித்ததற்கான தாளில் கையெழுத்துப் போடுவதற்காக நானும், ஊசி மருந்தோடு டாக்டரம்மாவும், ரேஞ்சரும் பாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தாய் கூண்டைச் சுற்றி வந்தது. வாசலில் குட்டி வயிற்றிலிருந்து இறங்கி மண்ணில் எதையோ நோண்டியது. தாய் மட்டும் உள்ளே போயிற்று.

"வுடுங்க பாய்" என்று ரேஞ்சர் கிசுகிசுத்தார்.

"இருங்க சார். தெறந்து தின்னட்டும்."

அது டிரம்மைக் கால்களால் கவ்விக்கொண்டு திருகியது. மூடி கழன்றது. இரண்டு கன்னமும் புடைக்கக் கடலையை அடைத்துக்கொண்டது. பாய் கயிற்றை விட்டார்.

கதவு விழுந்த சத்தத்தில் குட்டி துள்ளி ஓடியது. புதருக்குப் போகவில்லை. கூண்டைச் சுற்றி ஓடிவந்து, தாய் இருந்த பக்கத்துக் கம்பியை வெளியிலிருந்து பற்றிக்கொண்டு கீச்சிட்டது. தாய் உள்ளிருந்து அதன் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"இது இன்னும் எதையும் கத்துக்கல" என்றார் டாக்டரம்மா. "இதை விட்டுடலாமா?"

"தாயில்லாம ரெண்டு நாள் தாங்காதும்மா" என்றார் ரேஞ்சர்.

பாய் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கூண்டின் வாசலில் குந்தினார். தாய் வெளியே வந்துவிடாமல் ஒரு காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு கதவை ஒரு சாண் உயரம் தூக்கினார். நான் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அதை விரட்டவில்லை. யாரும் எதையும் நீட்டவில்லை. அது கம்பியை விட்டு இறங்கி, வாசலைத் தேடி வந்து, அந்த ஒரு சாண் இடைவெளியில் தலையைக் கொடுத்துத் தானாகவே உள்ளே போயிற்று. பாய் கதவை இறக்கினார்.